ஹோம்ஸைக் கொன்ற கையோடு...

ஷெர்லக் ஹோம்ஸை ரைகன்பாக் அருவியில் தள்ளிவிட்ட பிறகு கானன் டாயில் என்ன பண்ணிக்கொண்டிருந்தார்? ரொம்ப நாளாக எனக்குள் இருந்த கேள்வி இது. கதை 'ஸ்ட்ராண்ட்' பத்திரிகையில் வந்தது 1893 டிசம்பரில். வாசகர்கள் கொதித்துப்போனார்கள், சந்தாவை நிறுத்தினார்கள், லண்டனில் கையில் கறுப்புத் துணி கட்டிக்கொண்டு திரிந்தார்கள் என்றெல்லாம் எழுதுவார்கள். கறுப்புத் துணி சமாச்சாரத்தை நான் நம்பவில்லை. யாரோ பின்னால் சேர்த்த மசாலா மாதிரி இருக்கிறது. அது கிடக்கட்டும். ஊரே ஹோம்ஸுக்காக அழுதுகொண்டிருந்த அந்தக் குளிர்காலம் முடிவதற்குள், கொலை செய்த ஆசாமி எட்டடி நீளத்துக்கு இரண்டு கட்டைகளைக் காலில் கட்டிக்கொண்டு ஆல்ப்ஸ் மலையில் ஏறிக்கொண்டிருந்தார்!

முதல்முறை இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை, கோபம்தான் வந்தது. ஏனென்றால் அவர் பனியில் சறுக்கி விளையாடிய அதே ஊரில், அவர் மனைவி லூயிஸ் காசநோயோடு இருந்தார். சில மாதங்கள்தான் என்று டாக்டர்கள் நாள் குறித்துவிட்டார்கள். வீட்டில் ஒரு பொண்ணு, ஒரு பையன், இரண்டும் கைக்குழந்தைகள் மாதிரிதான். இத்தனைக்கும் இவரே ஒரு டாக்டர். இன்னும் கொடுமை என்னவென்றால், காசநோய்க்கு மருந்து கண்டுபிடித்துவிட்டேன் என்று ராபர்ட் காக் 1890-ல் அறிவித்தபோது, அதைப் பார்த்துவர பெர்லினுக்கே ஓடிப்போய், "கொஞ்சம் பொறுங்க, இது இன்னும் நிரூபணமாகலை" என்கிற ரீதியில் எழுதியவர் இவர். சொன்னது சரியாகவே போனது, அந்த மருந்து வேலை செய்யவில்லை. மூன்றே வருஷத்தில் அந்த நோய் அவர் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டது.

அப்புறம் யோசித்தேன். ஆஸ்பத்திரியில் நோயாளிக்குத் துணையாக நாலு வாரம் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். வெளியே டீக்கடைக்குப் போய் ஒரு டீ குடிக்கிற அந்தப் பத்து நிமிஷம் இல்லையென்றால் நாமும் படுத்துவிடுவோம். டாயிலுக்கு அந்த டீக்கடை பனிச்சறுக்கு. கொஞ்சம் பெரிய டீக்கடைதான், ஒத்துக்கொள்கிறேன் :)

சரி, அந்த ஊருக்கு வருவோம். பெயர் டாவோஸ். வருஷா வருஷம் உலகப் பொருளாதார மன்றம் என்று கோட்டு சூட்டு போட்டவர்கள் கூடுகிறார்களே, அதே டாவோஸ்தான். சுவிட்சர்லாந்தின் கிழக்குப் பகுதியில், கடல்மட்டத்திலிருந்து 1560 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஒரு பள்ளத்தாக்கு. அலெக்ஸாண்டர் ஸ்பெங்க்ளர் என்ற டாக்டர், அங்கே உள்ளூர்க்காரர்களுக்குக் காசநோய் வருவது அபூர்வம் என்று கவனித்துச் சொன்னார். 1865 பிப்ரவரியில் இரண்டு ஜெர்மன் நோயாளிகள் கொட்டும் பனியில் வந்து இறங்கினார்கள். நெஞ்சுநோய்க்காரன் குளிர்காலத்தில் மலைக்குப் போவதா என்று அந்தக் காலத்தில் இதைப் பைத்தியக்காரத்தனமாகத்தான் பார்த்திருப்பார்கள். ஆனால் இருவரும் தேறினார்கள். அவ்வளவுதான், ஐரோப்பாவின் இருமல் முழுக்க டாவோஸுக்கு வர ஆரம்பித்தது. சானடோரியங்கள் முளைத்தன. (சென்னைக்காரர்களுக்கு இந்த வார்த்தையை விளக்கவே வேண்டாம். மின்சார ரயிலில் தாம்பரத்துக்கு முந்தின ஸ்டேஷன் பெயரே அதுதானே.) வைத்தியம் என்றால் என்ன? மாத்திரை கிடையாது, ஊசி கிடையாது. நல்லாச் சாப்பிட்டு, கம்பளியைச் சுற்றிக்கொண்டு, தெற்கு பார்த்த பால்கனியில் மணிக்கணக்கில் படுத்துக் கிடக்க வேண்டும். அவ்வளவே.

1890-ல் ரயிலும் வந்துவிட்டது. நோயாளி படுத்துக் கிடப்பார், கூட வந்தவர்? அண்ணன், தம்பி, புருஷன், அப்பா... அவர்களுக்கு நாள் முழுக்க வேலையே இல்லை. சுற்றிலும் ஆறு மாசம் பனி. என் கணக்கில், ஆல்ப்ஸில் பனிச்சறுக்கு வேர் பிடித்த கதையில் பாதி இந்த வெட்டிப் பொழுதுக்குள்தான் இருக்கிறது. விளையாட்டு வரலாறு எழுதுகிறவர்கள் வீரம், சாகசம் என்று போய்விடுகிறார்கள். நோயைச் சொல்வதில்லை.

நார்வேக்காரர்களுக்கு சறுக்குக்கட்டை புதிதல்ல. நமக்கு மாட்டுவண்டி எப்படியோ அவர்களுக்கு அது அப்படி. ஆனால் 1888-ல் நான்சென் ஐந்து பேரோடு கிரீன்லாந்தை சறுக்குக்கட்டையில் குறுக்கே கடந்து, அதைப் புத்தகமாகவும் எழுதிய பிறகுதான் மத்திய ஐரோப்பாவில் பலருக்கு அந்தப் பித்து பிடித்தது. டாவோஸில் அப்படிப் பிடித்த ஒருவர் டோபியாஸ் பிராங்கர். குதிரைச் சேணம் தைக்கிற தொழில். தம்பி யோஹானைச் சேர்த்துக்கொண்டு நார்வேயிலிருந்து கட்டை வரவழைத்துப் பழகினார். எப்போது பழகினார்கள் தெரியுமா? இருட்டின பிறகு! பகலில் போனால் ஊர் கைகொட்டிச் சிரிக்குமாம். ராத்திரியில், யார் கண்ணிலும் படாமல், ஊருக்கு வெளியே இருக்கிற சரிவுகளில் விழுந்து எழுந்து கற்றுக்கொண்டிருக்கிறார்கள் அண்ணனும் தம்பியும். எனக்கு இந்த முழுக்கதையிலும் ரொம்பப் பிடித்த இடம் இதுதான்.

டாயிலும் கட்டை வாங்கினார். வாங்கினால் ஆச்சா? எட்டடி நீளம், நாலு அங்குல அகலம், மேல்நோக்கி வளைந்த மூக்கு, நடுவில் கால் நுழைக்க ஒரு வார். குதிகால் கட்டப்படாமல் தூக்கிக்கொள்ளும்படி இருக்கும். உடம்பின் எடை நீளமான கட்டை முழுக்கப் பரவுவதால் இடுப்பளவு புதைகிற பனியிலும் காலடி புதையாது. அதுதான் சூட்சுமம். ஆனால் திரும்புவதும் நிற்பதும் தனி வித்தை. டாயில் கனமான சரீரம், கிரிக்கெட் ஆடுகிறவர். அப்படியும் தடுக்கி விழுந்துகொண்டே இருந்ததைத் தானே கிண்டலாக எழுதியிருக்கிறார். விழுந்ததை மறைக்காமல் எழுதுகிற எழுத்தாளர்களை எனக்குப் பிடிக்கும்.

கொஞ்சம் பழகியதும் மூவரும் யாகோப்ஸ்ஹார்ன் சிகரத்தில் ஏறிப்பார்த்தார்கள். அடுத்த திட்டம் அரோசா. பக்கத்துப் பள்ளத்தாக்குதான், ஆனால் குறுக்கே மலை நிற்கிறது. குளிர்காலத்தில் டாவோஸிலிருந்து அரோசா போக வேண்டுமென்றால் ரயிலில் கீழே இறங்கி, கூர் நகரம் வழியாகச் சுற்றி, மறுபடி ஸ்லெட்ஜ் வண்டியில் மேலே ஏற வேண்டும். நேர்வழி மாயன்ஃபெல்டர் ஃபுர்கா என்கிற கணவாய், 2400 மீட்டருக்கு மேலே. குளிர்காலத்தில் அதை நடந்து கடப்பது நடக்காத காரியம். கட்டையில் முடியுமா?

1894 மார்ச் 23. பொழுது விடிவதற்கு முன்பே கிளம்பிவிட்டார்கள். ஏற்றத்தில் கோணல்மாணலாக, வலப்புறம் கொஞ்சம் இடப்புறம் கொஞ்சம் என்று வெட்டி வெட்டி ஏறினார்கள். மேலே இழுத்துப்போக கம்பியோ மோட்டாரோ கிடையாது. பனிச்சறுக்கு இழுவை லிஃப்ட் டாவோஸுக்கு வந்ததே 1934-ல்தான். அதுவரை எவனாக இருந்தாலும் சறுக்க ஆசைப்பட்டால் முதலில் ஏறித்தான் ஆகவேண்டும். இன்றைக்கு லிஃப்ட் இருக்கிற இடங்களை விட்டு விலகி, நாலு நண்பர்களாகச் சேர்ந்து காட்டுமலையில் ஏறிச் சறுக்குவதை ஒரு தனி ரகமாகச் சொல்கிறார்கள். அன்றைக்கு அந்த ஒரு ரகம்தான் இருந்தது.

கணவாயைத் தாண்டியதும் வினை. செங்குத்தான ஒரு சரிவைக் குறுக்கே கடக்க வேண்டியிருந்தது. கீழே பாதாளம். சறுக்கினால் கதை முடிந்தது. பிராங்கர் சகோதரர்கள் இருவரும் அவரை ஜாக்கிரதையாகக் கூட்டிப்போனார்கள். கொஞ்ச தூரம் கழித்து இன்னொரு சரிவு, கட்டை போட்டு இறங்க முடியாத அளவுக்குச் செங்குத்து. டோபியாஸ் ஒரு யோசனை சொன்னார். கட்டைகளைக் கழற்றி, இரண்டையும் சேர்த்துக் கட்டி, அதன்மேல் உட்கார்ந்து வண்டி மாதிரி போய்விடலாம். நல்ல யோசனைதான். ஆனால் நம்ம ஆள் உட்காருவதற்குள் அவர் கட்டை மட்டும் தனியாகப் பிய்த்துக்கொண்டு பறந்துவிட்டது! மிச்சச் சரிவு முழுக்கக் கால்சட்டையின் பின்பக்கத்தால்தான் இறங்கினார். ஹாரிஸ் ட்வீட் துணி கிழியவே கிழியாது என்று தையற்காரர் சத்தியம் பண்ணியிருந்தாராம். அன்று மாலை முழுக்கச் சுவரோரமாகவே நின்றதாக டாயில் எழுதுகிறார்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே அரோசா. ஓட்டல் பதிவேட்டில் டோபியாஸ்தான் எழுதினார். டாயில் பெயருக்கு நேரே தொழில் என்கிற இடத்தில் என்ன போட்டார் தெரியுமா? டாக்டரும் இல்லை, எழுத்தாளரும் இல்லை. 'ஸ்போர்ட்டெஸ்மான்'! ஆங்கில வார்த்தையை ஜெர்மன் வாயால் எழுதினது. டாயிலுக்கு ஏக சந்தோஷம்.

அதே வருஷம் டிசம்பரில் இந்தப் பயணத்தை ஸ்ட்ராண்டிலேயே கட்டுரையாக எழுதினார். சரியாக ஒரு வருஷம் முன்பு ஹோம்ஸ் செத்த அதே பத்திரிகை. நூற்றுக்கணக்கான இங்கிலாந்துக்காரர்கள் இதற்காகவே சுவிட்சர்லாந்து வரும் காலம் வரும் என்று அதில் ஜோசியமும் சொன்னார். அச்சு அசலாகப் பலித்தது.

இங்கேதான் எனக்குக் கொஞ்சம் உறுத்தல். 1924-ல் வெளியான சுயசரிதையில், அந்தப் பகுதிக்குச் சறுக்குக்கட்டையைக் கொண்டுவந்தது நான்தான் என்கிற மாதிரி எழுதிவிட்டார் டாயில். அப்புறம் எல்லோரும் அதையே பிடித்துக்கொண்டார்கள். 'பனிச்சறுக்கைச் சுவிட்சர்லாந்துக்குக் கொண்டுவந்த ஷெர்லக் ஹோம்ஸ் ஆசிரியர்' என்று இன்றைக்கும் தலைப்பு போடுகிறார்கள். உண்மை என்ன? பிராங்கர் சகோதரர்கள் அதே கணவாயை 1893-லேயே கடந்துவிட்டார்கள். அதே 1893 ஜனவரியில் கிளாருஸ் ஊர் கிறிஸ்டோஃப் இசெலின் நண்பர்களோடு பிராகெல் கணவாயைக் கடந்தார். கூட வந்தவர்களில் ஒருவர் மட்டும் கட்டை போடாமல் பனிநடைக்கு மாட்டுகிற அகலக் காலணியோடு வந்தார், எது உசத்தி என்று பார்த்துவிடலாம் என்று. ஆக டாயில் முதல் ஆள் இல்லை. அவரை வழிநடத்திப் போனவர்கள் ஏற்கெனவே போய்வந்த பாதையில் போன வெளியூர்க்காரர். 1894 கட்டுரையில் அந்த இரண்டு பேருக்கும் உரிய இடத்தைக் கொடுத்தவர்தான். முப்பது வருஷம் போனதும் ஞாபகம் தனக்குச் சாதகமாகச் சாய்ந்துவிட்டது. பேனா இருக்கிறவன் பேரு நிற்கிறது, ராத்திரியில் விழுந்து எழுந்தவன் பேரை நாம் தேடிப் படிக்க வேண்டியிருக்கிறது.

இன்னொரு பையனையும் சொல்லாமல் விட மனசில்லை. வில்ஹெல்ம் பவுல்கே. ஜெர்மன் பையன். அப்பாவுக்கு நெஞ்சுநோய் என்று குடும்பமே டாவோஸுக்கு வந்தது. பார்த்தீர்களா, மறுபடி அதே காரணம்! பள்ளி நாளிலேயே அவனுக்கு நார்வே கட்டை கிடைத்துவிட்டது. வளர்ந்து 1897 ஜனவரியில், நாலு நண்பர்களோடு பெர்ன் பகுதியின் உயர்மலைகளை, அலெட்ச் பனியாறு உட்பட, கட்டையிலேயே கடந்தார். உள்ளூர் ஆட்கள் துணையில்லாமல், வெறும் ஐந்து சிநேகிதர்கள். பனியாற்றில் வெடிப்புகள் எங்கே என்று தெரியாத நடுக்குளிர்காலத்தில். டாயில் போனது ஒருநாள் பிக்னிக் என்றால் இது வேறு.

அந்த ஐவரில் எலர்ட், மோனிக்ஸ் என்ற இருவர் 1899-ல் சுஸ்டன் கணவாயில் பனிச்சரிவில் புதைந்து இறந்தார்கள். பவுல்கே பிற்காலத்தில் கார்ல்ஸ்ரூவேயில் நிலவியல் பேராசிரியரானார். பனியை வெட்டி அடுக்கு அடுக்காகப் பார்த்து ஆராய்ந்தார். பனி ஒரே கட்டியாகக் கிடப்பதில்லை. ஒவ்வொரு பொழிவும் ஒரு அடுக்கு. நடுவில் ஓர் அடுக்கு சர்க்கரை மாதிரி ஒட்டாத மணிகளாக மாறிவிட்டால், மேலே எவ்வளவு உறுதியாகத் தெரிந்தாலும் ஒரு ஆள் கால்வைத்ததும் மொத்தமும் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். பனிச்சரிவு ஆராய்ச்சியின் முன்னோடிகள் வரிசையில் இன்று அவர் பெயர் இருக்கிறது. அந்த இரண்டு சாவுதான் அவரை அங்கே கொண்டுபோய்விட்டது என்று நான் அடித்துச் சொல்ல வரவில்லை. ஆனால் நினைக்காமல் இருந்திருப்பாரா?

தாமஸ் மன் 1924-ல் எழுதிய 'மாய மலை' நாவலும் டாவோஸில்தான் நடக்கிறது. அதில் நோயாளியான கதாநாயகனே டாக்டர் பேச்சைமீறித் திருட்டுத்தனமாகச் சறுக்குக்கட்டை வாங்கிக்கொண்டு மலைக்குப் போய்ப் பனிப்புயலில் சிக்குவான். அதே நாவலில், உயரத்தில் இருக்கிற சானடோரியத்தில் செத்தவர்களைக் குளிர்காலத்தில் சறுக்குவண்டியில் வைத்துக் கீழே அனுப்புவார்கள்.

லூயிஸ்? சாகவில்லை. நாள் குறித்த டாக்டர்களைப் பொய்யாக்கிவிட்டு 1906 வரை, பதின்மூன்று வருஷம் இருந்தார். அந்த வருஷங்கள் எல்லாம் சுகமானவை அல்ல. டாயில் 1897-ல் இன்னொரு பெண்ணிடம் மனதைப் பறிகொடுத்தார், லூயிஸ் இறந்த மறுவருஷம் அவரையே கல்யாணமும் செய்துகொண்டார். அதே 1897-ல்தான் லூயிஸின் நுரையீரலுக்கு நல்ல காற்று வேண்டும் என்று சர்ரேயில் ஒரு மேட்டுநிலத்தில் பார்த்துப் பார்த்துக் கட்டிய வீட்டுக்குக் குடிபோனதும். இரண்டும் ஒரே ஆள்தான்.

1940-களில் ஸ்ட்ரெப்டோமைசின் வந்ததும் பால்கனி வைத்தியத்துக்கு வேலையில்லாமல் போனது. சானடோரியங்கள் பலவும் ஓட்டல்களாயின. 1900-ல் திறந்த ஷாட்ஸ்ஆல்ப் சானடோரியம் இப்போது சுற்றுலாக்காரர்கள் தங்குகிற ஓட்டல். தெற்கு பார்த்த அந்தப் பால்கனிகளை மட்டும் இடிக்கவில்லை.