குடியோட்டிப் பூண்டு



பங்குனி பிறந்தால் எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளாது. இன்று விடியற்காலை அம்மா மண்டபத்திலிருந்து மேலூர்ப் பக்கமாகக் காவிரிக்கரையோடு நடந்தேன். ஆற்றில் தண்ணீர் இல்லை, அங்கங்கே குட்டைதான். ஒன்றில் மடையான் அசையாமல் நின்றுகொண்டிருந்தது. மணலில் ஆட்காட்டி என்னைக் கண்டதும் கத்தித் தீர்த்துவிட்டது. பக்கத்தில் முட்டை இருக்கும் என்று ஒதுங்கி நடந்தேன். புங்கமரத்தடி முழுக்கப் பொரி இறைத்த மாதிரி பூ. சூறைக்குருவிக் கூட்டம் ஒன்று தலைக்கு மேலே போயிற்று. மத்திய ஆசியாவுக்குத் திரும்பும் நேரம் அவற்றுக்கு.

மேலூர் தாண்டி ஒரு மணல்மேட்டில் மஞ்சள் பூ. முள் இலை, கிள்ளினால் மஞ்சள் பால். பிரம்மதண்டு. பார்த்ததும் கால் நின்றுவிட்டது. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

நம் ஆற்றங்கரையில் ஆண்டாண்டாக நிற்பதுபோல் தோன்றினாலும் இது மெக்சிகோவில் பிறந்த செடி. லின்னேயஸ் 1753-ல் வைத்த பெயரே ‘ஆர்ஜிமோன் மெக்சிகானா’. மிளகாயைப்போலக் கப்பலேறித்தான் வந்திருக்க வேண்டும். வந்த செடிக்கு நம் மக்கள் பெயர்களை அடுக்கிவிட்டார்கள். அதில் ஒன்று நாய்க்கடுகு. விதை பார்க்கக் கடுகுதான், ஆனால் விஷம். 1998-ல் டெல்லியில் கடுகெண்ணெயில் இதன் எண்ணெய் கலந்து, கால் வீங்கிப் பலர் இறந்தார்கள். ‘நாய்’ என்று முன்னால் சேர்த்தவர் காரணத்தோடுதான் சேர்த்திருக்கிறார்.

இப்போது என் கதை. முப்பது வருஷம் இருக்கும். ஏழாம் வகுப்புக்குச் செடிகளை ஒட்டி வரச் சொன்னேன். கொள்ளிடக்கரைப் பையன் ஒருவன் இந்தச் செடியை ஒட்டி, கீழே ‘குடியோட்டிப் பூண்டு’ என்று எழுதியிருந்தான். சிவப்பு மையால் அடித்து, ‘பிரம்மதண்டு’ என்று எழுதினேன். “இந்தப் பேரு எங்கடா இருக்கு?” என்றேன். “எங்க அப்பத்தா சொல்லுச்சு. குடி ஓடிப்போன எடத்துல மொளைக்குமாம்” என்றான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு அவன் எந்தச் செடியும் கொண்டுவரவில்லை.

ஓய்வுபெற்ற பிறகு சித்த மருத்துவ நூல் ஒன்றைப் புரட்டினால் பிரம்மதண்டுக்கு இன்னொரு பெயராகக் குடியோட்டிப் பூண்டு அச்சிலேயே இருக்கிறது! டிப்ளமோ வாங்கிய எனக்குத் தெரியாதது அந்தப் பாட்டிக்குத் தெரிந்திருக்கிறது.

இதைவிட உறுத்தியது வேறொன்று. மலைக்கோட்டை நிழலில் இருக்கும் தூய வளனார் கல்லூரி 1883-ல் நாகப்பட்டினத்திலிருந்து திருச்சிக்கு வந்தது. அங்கே தாவரவியல் சொல்லிக்கொடுத்த ரப்பினாட் பாதிரியார் பெயரில் 1967-ல் ஓர் உலர்தாவரக் காப்பகத்தைத் தொடங்கியவர் கே. எம். மேத்யூ பாதிரியார். அதற்கு முன் நம் செடிகளை அடையாளம் காண வேண்டுமென்றால் கேம்பிள் என்ற வெள்ளைக்கார வன அதிகாரி 1915-ல் எழுதத் தொடங்கிய நூல்தான் கதி. அவர் இறந்த பிறகு ஃபிஷர் அதை 1936-ல் முடித்தார். மேத்யூ தம் மாணவர்களோடு நம் சமவெளியிலும் குன்றுகளிலும் புதிதாக அலைந்து சேகரித்தார். அதன் பலனாக ‘தமிழ்நாடு கர்நாடிக் தாவரங்கள்’ பற்றிய பெரிய ஆங்கில நூல் 1981 தொடங்கி வெளிவந்தது. 2004-ல் அவர் காலமானார்.

அந்தக் காப்பகத்தைப் பார்க்க ஒருமுறை வாய்ப்புக் கிடைத்தது. செய்தித்தாள்களுக்கு நடுவே அழுத்திக் காயவைத்த செடியைக் கெட்டித்தாளில் ஒட்டி, மூலையில் ஒரு சீட்டு வைக்கிறார்கள். எந்த இடம், எந்த நாள், யார் எடுத்தது என்பதெல்லாம் அதில் இருக்கும். அது இல்லாவிட்டால் செடி வெறும் சருகு. எனக்கு அந்தப் பையனின் நோட்டு கண்ணில் வந்து நின்றது. ‘கொள்ளிடக்கரை, சுடுகாட்டுக்குப் பக்கம், ஞாயிற்றுக்கிழமை’ என்று பென்சிலால் எழுதியிருந்தான். அதை நான் கேட்கவே இல்லை. ஒரு ‘சரி’ கூடப் போடவில்லை.

அவனுக்கு இப்போது நாற்பது வயது தாண்டியிருக்கும். அந்த வருஷத்துப் பிள்ளைகள் யாருக்காவது தொடர்பு இருந்தால் இந்தப் பதிவைக் காட்டுங்கள். அந்த நோட்டு இன்னும் இருக்கிறதா, அப்பத்தா வேறு என்னென்ன பெயர் சொன்னார் என்று கேட்க வேண்டும். பெயரைப் பொதுவில் போடாதீர்கள், எனக்குத் தனியாக அனுப்பினால் போதும்.

படம் எடுத்தேன், கை ஆடிவிட்டது. மஞ்சளாகத் தெரிவதுதான் பூ. உங்கள் ஊரில் இதை என்ன சொல்வீர்கள்? கீழே எழுதுங்கள்.