சங்கு முதல் பிவிசி குழாய் வரை: ஓர் ஊதலின் கதை



பழைய மாணவர் ஒருவர், தம் மகன் பிவிசி குழாயில் ஏர் ஹாரன் செய்து ஊதும் வீடியோவை அனுப்பி, "சார், இது எப்படி வேலை செய்யுது? பயலைத் திட்டவா, பாராட்டவா?" என்று கேட்டிருந்தார். இரண்டுக்கும் இடமிருக்கிறது. அதனால் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

செய்முறை எளிது. அகலமான குட்டைக் குழாய் ஒன்று. அதன் நடுவே ஒல்லியான நீளக் குழாய் ஒன்று. இரண்டின் வாயும் ஒரு பக்கம் சமமாக நிற்கும். அதன்மேல் பலூன் ரப்பரை மேளத்தோல் போல இழுத்துக் கட்ட வேண்டும். மறுபக்க இடைவெளியை அடைத்துவிட்டு, அகலக் குழாயின் பக்கவாட்டில் துளையிட்டு ஊத வேண்டும். போக வழியில்லாத காற்று ரப்பரைத் தூக்கும். அந்த இடுக்கு வழியே ஒல்லிக் குழாய்க்குள் பாயும். அழுத்தம் குறைந்ததும் ரப்பர் திரும்பவும் மூடும். நொடிக்கு நூறு, இருநூறு தடவை இப்படி நடப்பதுதான் சத்தம்.

குழாய் நீண்டால் குரல் தடிக்கும். ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 340 மீட்டர். அதைக் குழாய் நீளத்தின் நான்கு மடங்கால் வகுத்துப் பாருங்கள். ஒரு மீட்டர் குழாய்க்கு ஏறத்தாழ 85 அதிர்வுகள்; அரை மீட்டருக்கு 170. லாரி ஹாரனும் டீசல் ரயில் எஞ்சினின் ஹாரனும் இதே வேலைதான். அங்கே ரப்பருக்குப் பதில் உலோகத் தகடு, வாய்க்குப் பதில் அழுத்தக் காற்று.

இது புதுச் சங்கதி அல்ல. சங்கு, கொம்பு, எக்காளம், திருச்சின்னம் எல்லாவற்றிலும் அந்த ரப்பரின் இடத்தில் இருப்பது ஊதுகிறவரின் உதடு. சாமி புறப்பாட்டுக்கு ஒன்று, போருக்கு ஒன்று, சாவுக்கு ஒன்று என்று ஒவ்வொரு ஊதலுக்கும் ஒரு பொருள் இருந்தது. கேட்டவுடன் ஊருக்கே செய்தி புரிந்தது.

பிறகு இயந்திரம் வந்தது. 1819-இல் பிரெஞ்சு அறிஞர் காக்னியார் த லா தூர், துளையிட்ட தட்டைச் சுழற்றிக் காற்றை வெட்டி வெட்டி ஒலி எழுப்பி, அதற்கு 'சைரன்' என்று பெயர் வைத்தார். கனடாவில் ராபர்ட் ஃபௌலிஸ் என்பவர், மூடுபனியில் நடந்து வந்தபோது வீட்டில் மகள் வாசித்த பியானோவின் தடித்த சுரங்கள் மட்டுமே தூரத்தில் காதில் விழுந்ததைக் கவனித்தாராம். அவர் யோசனைப்படி 1859-இல் கப்பல்களை எச்சரிக்க நீராவி ஊதல் அமைந்தது. கீச்சுக்குரலைக் காற்று சீக்கிரம் விழுங்கிவிடும். தடித்த குரல் தூரம் போகும்.

நம் பக்கத்துக்கும் அந்த ஒலி வந்தது. 1885-இல் தொடங்கிய பாபநாசம் ஹார்வி மில்லால் விக்கிரமசிங்கபுரம் ஆலை ஊரானது. 1904-இல் செங்கோட்டை–கொல்லம் ரயில் பாதை திறந்து, ஆரியங்காவு மலைக்குள் நீராவி எஞ்சின் கூவியது. நம் மக்கள் ஆலை சைரனுக்கு என்ன பெயர் வைத்தார்கள் பார்த்தீர்களா? 'சங்கு'! மில் சங்கு, முனிசிபாலிட்டிச் சங்கு. கடிகாரம் இல்லாத வீட்டுக்கும் அதுதான் மணி. இயந்திரம் வெளிநாட்டுடையது, பொருள் மட்டும் நம்முடையது. ஊருக்குச் சேதி சொல்வது.

இன்று நிலைமை வேறு. ஆளுக்கு ஓர் ஊதல், சேதிதான் இல்லை. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 119-ஆவது விதி, பல சுர ஹாரனையும் காதைக் கிழிக்கும் ஒலியையும் வண்டியில் பொருத்தக் கூடாது என்கிறது. சாரல் சீசனில் குற்றாலம் சாலையில் நின்று பாருங்கள், அந்த விதியின் கதி புரியும்.

இதை ஏன் வலியுறுத்துகிறேன்? 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீரென்று வெள்ளம் பாய்ந்து, 17 வயதுப் பையன் ஒருவனை இழந்தோம். மலைமேல் பெய்யும் மழை கீழே குளிப்பவனுக்குத் தெரியாது. அருவிச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் கூப்பிட்டாலே கேட்காது. அங்கே உயிர் காக்கக்கூடியது ஓர் எச்சரிக்கை ஒலிதான். வேடிக்கைக்கு எல்லாரும் ஊதிக்கொண்டே இருந்தால், நிஜமான எச்சரிக்கை வரும்போது யார் திரும்பிப் பார்ப்பார்கள்? 'புலி வருது' கதைதான்.

ஆகவே பெற்றோரே, பிள்ளை குழாய் ஹாரன் செய்தால் தடுக்காதீர்கள். ஒலியியல் பாடம் அதைவிட நன்றாக மனத்தில் பதியாது. நீளத்தை மாற்றி மாற்றி ஊதி, அளந்து எழுதச் சொல்லுங்கள். யார் காதருகிலும் ஊதக் கூடாது. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் பக்கமோ, காட்டோரத்திலோ கூடாது என்றும் சொல்லுங்கள். அதே பிவிசி குழாயில் கார்பைடு போட்டு வெடிக்கும் 'துப்பாக்கி' மட்டும் வேண்டவே வேண்டாம். 2025 தீபாவளியில் மத்தியப் பிரதேசத்தில் எத்தனையோ பிள்ளைகளின் கண்ணை அது பதம் பார்த்தது.

உங்கள் ஊரில் சங்கு எத்தனை மணிக்கு ஊதியது, எதற்காக ஊதியது என்று நினைவிருப்பவர்கள் கீழே எழுதுங்கள். பேரப்பிள்ளைகள் படிக்கட்டும்.

அனைவரும் நலமாக இருங்கள்.