கணினியைப் பிடித்த ஏழரை

மலேசியாவின் நெகிரி செம்பிலான் ரப்பர் தோட்டங்களில் விடியுமுன்பே பெரட்டு, அதாவது வேலையாட்களின் வருகைப் பதிவு. பால்மரத்தைக் குளிர்ந்த வேளையில் வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும். வேலைக்கு எஜமான் சூரியன்தான். கடிகாரத்துக்கு மட்டும் எஜமானர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள்.

சூரியக் கணக்கில் மாநிலத் தலைநகர் சிரம்பான் கிரீன்விச்சுக்கு ஏறத்தாழ 6 மணி 48 நிமிடம் முந்தியது. 1901இல் சிங்கப்பூர் நேரம் வந்தது: 6 மணி 55 நிமிடம் 25 விநாடி. 1905இல் அது 7 மணியானது; 1933இல் 7.20, 1941 செப்டம்பரில் 7.30. ஜப்பானியர் வந்ததும் தோக்கியோ நேரம், 9 மணி. அவர்கள் போனதும் மீண்டும் 7.30. சபா, சரவாக்குடன் ஒரே நேரம் வேண்டும் என்று 1981 டிசம்பர் 31 இரவு 11.30க்கே நள்ளிரவு என்று அறிவித்தது மகாதீர் அரசு. அன்று காலை 6.45 வாக்கில் உதித்த சூரியன் மறுநாள் 7.15க்கு உதித்தது. மரம் வெட்டுபவர் எழுந்த இருட்டு அதே இருட்டுதான்.

இந்த வரலாறு முழுவதும் இன்று உங்கள் கைப்பேசிக்குள் இருக்கிறது. பல கைப்பேசிகளின் இயங்குதளக் கருவான லினக்ஸ் கெர்னலுக்கு ஊரும் தெரியாது, அரசாணையும் தெரியாது. 1970 ஜனவரி 1, கிரீன்விச் நள்ளிரவிலிருந்து விநாடிகளை எண்ணுவது மட்டுமே நேர விஷயத்தில் அதன் வேலை. எந்த ஊரில், எந்த ஆண்டில், எவ்வளவு கூட்டுவது என்பதைத் தனியே ஓர் அட்டவணை சொல்கிறது. 2022இல் அதில் கோலாலம்பூரின் வரிசை சிங்கப்பூருடையதோடு இணைக்கப்பட்டது. 1970க்குப் பின் இரண்டும் ஒன்றே.

வழு பிறப்பது விநாடி எண்ணிக்கையையும் அட்டவணையையும் குழப்பும்போது. எண்ணிக்கை பூஜ்யமாக இருந்த கணத்தில் தீபகற்ப மலேசியாவில் காலை 7.30. அந்த ஏழரையையே இன்றைய வித்தியாசமாக எடுத்துக்கொள்ளும் நிரல் அரை மணி பிசகும். எப்போதும் இன்றைய 8 மணி என்றே எழுதிவைத்த நிரல் 1982க்கு முந்தைய தேதிகளில் பிசகும். அந்தந்தக் கணத்துக்குரிய வித்தியாசத்தை அட்டவணையிடம் கேட்பதே திருத்தம்.

கெர்னலுக்கும் சொந்த வழு உண்டு. 32 பிட் எண்ணிக்கை 2038 ஜனவரி 19, மலேசிய நேரம் காலை 11.14க்கு நிரம்பி வழியும். 2020இல் வந்த லினக்ஸ் 5.6, 32 பிட் கருவிகளுக்கும் 64 பிட் எண்ணிக்கையைக் கொடுத்தது. பழைய கெர்னலோடு ஓடும் 32 பிட் கருவிகளுக்கு ஆபத்து நீங்கவில்லை.

தோட்டத்தில் பிறந்த பெற்றோருக்கு ஜாதகம் கணிக்கிறீர்களா? பிறப்பு 1945க்கும் 1981க்கும் இடையில் என்றால், மென்பொருள் 7.30 என்று எடுத்திருக்கிறதா என்று பாருங்கள். அரை மணியில் லக்னமே மாறிவிடலாம்.