தேரி மணலும் ஆதியாகமமும்

திருநெல்வேலிச் சீமையில் 1774-ஆம் ஆண்டு பிறந்து, இளம் பிராயத்திலேயே மிஷனரியான சுவார்ட்சு ஐயரால் தஞ்சாவூருக்கு அழைத்துச் செல்லப்பட்டு, தரங்கம்பாடியில் ஜெர்மானியப் போதகர்களிடம் கல்வி பயின்ற வேதநாயகம் சாஸ்திரியார், 1800-ஆம் ஆண்டையொட்டி இயற்றிய பெத்லகேம் குறவஞ்சியில், சூரியனை நடுவாகக் கொண்டு கிரகங்கள் சுழலும் புதிய வானசாஸ்திரத்தையும், கண்டங்களும் தேசங்களும் அடங்கிய பூகோள விருத்தாந்தத்தையும் பாட்டில் இழைத்து வைத்தார். யோசுவாவின் சொல்லுக்குச் சூரியன் நின்றது என்னும் வேதவாக்கியத்தை வாசித்து வளர்ந்தவர் அவர். சூரியன் ஓடவில்லை, பூமியே ஓடுகிறது என்று சொன்னதற்காகக் கலிலியோ 1633-இல் ரோமாபுரியில் விசாரிக்கப்பட்டுத் தண்டனை பெற்றதிலிருந்து இரண்டு நூற்றாண்டுகூட முழுமையாகக் கழிந்திருக்கவில்லை. ஆயினும் குறத்தி குறி சொல்லும் அந்தப் பிரபந்தத்தில் சூரியனை நடுவில் வைத்த கோப்பர்னிக்கரின் பிரபஞ்சம் இயல்பாகவே வந்து அமர்ந்துகொண்டது. தமிழ்க் கிறிஸ்தவம் நவீன சாஸ்திரத்தைச் சந்தித்த முதற்காட்சிகளுள் இது ஒன்று என்பதையும், அச்சந்திப்பில் பகைமையின் சாயல் சற்றும் இல்லை என்பதையும் நாம் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்து, பல கிராமங்களில் சபைகளையும் பள்ளிக்கூடங்களையும் தோற்றுவித்து, 1838-இல் அங்கேயே மண்ணான ரேனியுஸ் ஐயர், தமிழ் இலக்கணமும் வேதாகம மொழிபெயர்ப்பும் செய்ததோடு நில்லாமல், 1832-இல் 'பூமி சாஸ்திரம்' என்ற நூலையும் வெளியிட்டார். உபதேசியாரே உபாத்தியாயராகவும் இருந்த அக்காலத்தில், காலையில் ஜெபமும் பிற்பகலில் பூகோளமும் ஒரே கூரையின் கீழ் ஒரே வாயால் போதிக்கப்பட்டன.

இந்தப் போதனைக்குப் பின்னால் இருந்த நோக்கத்தை மறைப்பது நேர்மையாகாது. மேருவைச் சுற்றிப் பாற்கடலும் நெய்க்கடலும் கருப்பஞ்சாற்றுக் கடலும் சூழ்ந்திருப்பதாகச் சொல்லும் புராணப் பூகோளத்தைத் தகர்ப்பதற்கு உருண்டை பூமியைவிட வலிய ஆயுதம் வேறில்லை என்று மிஷனரிமார் கருதினர். யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டைச் செமினரியின் தானியேல் பூவர், 1829-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்துச் சந்திர கிரகணத்தை முன்வைத்து, பஞ்சாங்கம் கணித்த விசுவநாத சாஸ்திரியாரின் கணக்கு பிசகும் என்று பகிரங்கமாக அறிவித்து, ஊராரை இரவில் வானத்தைப் பார்க்க வைத்தது அந்த நம்பிக்கையினால்தான். சாஸ்திரம் உண்மையின் பக்கம் நிற்கும், ஆகையால் நம் பக்கம் நிற்கும் என்பது அவர்களது தீர்மானம்.

ஆனால் பிறர் நூலை அளக்க எடுத்த கோல், எடுத்தவரின் நூலை மட்டும் அளக்காமல் விட்டுவிடுவதில்லை. பூமி சாஸ்திரம் பாளையங்கோட்டையில் போதிக்கப்பட்ட அதே பத்தாண்டில், இங்கிலாந்தில் லயல் என்னும் பூதத்துவ அறிஞர், இன்று நம் கண்ணெதிரே மழையும் நதியும் கடலும் செய்யும் மெல்லிய வேலையே எண்ணிறந்த ஆண்டுகள் தொடர்ந்து மலைகளையும் சமவெளிகளையும் ஆக்கியது என்று எழுதிக்கொண்டிருந்தார். ஆர்ச்பிஷப் அஷர் 1650-இல் வேதாகமத்தின் வம்ச அட்டவணைகளைக் கூட்டிக் கணித்து, உலகம் கி.மு. 4004-இல் சிருஷ்டிக்கப்பட்டது என்று முடிவு கூறியதும், அவ்வாண்டுக் கணக்கு ஆங்கில வேதாகமத்தின் ஓரத்திலேயே அச்சாகி வேதவாக்கியத்தைப்போல் மதிக்கப்பட்டதும் யாவரும் அறிந்தவை. 1859-இல் டார்வின் நூல் வெளிவந்தபோது, பாற்கடலுக்கு நேர்ந்த கதி அஷரின் கணக்குக்கும் நேர்ந்தது. புராணிகரிடம் சாட்சியம் கேட்ட சபை, இப்போது தானே சாட்சிக்கூண்டில் ஏற வேண்டியதாயிற்று. அதைச் சில பெரியோர் அவமானமாகக் கருதினர். நான் அதை நீதி என்றே கருதுகிறேன்.

அந்தச் சாட்சியம் லண்டனிலிருந்து கப்பலேறி வரவேண்டிய அவசியமும் இருக்கவில்லை. தாமிரபரணியின் முகத்துவாரத்திலேயே அது புதைந்து கிடந்தது. 1841 முதல் இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் ஐயர், பாண்டியரின் முத்துத்துறையாகவும் யவன மாலுமிகள் அறிந்த பட்டினமாகவும் விளங்கிய கொற்கை, கடலைவிட்டுச் சில மைல் உள்ளே வயல்களுக்கு நடுவில் ஒரு சிற்றூராய்க் கிடப்பதன் காரணத்தை ஆராயப் புகுந்து, கொற்கையிலும் காயலிலும் நிலத்தை அகழ்ந்து பார்த்தார். பொதிகையிலிருந்து நதி ஆண்டுதோறும் சுமந்துவந்த வண்டல் கடலைப் பின்னுக்குத் தள்ளியது. கடல் விலகவே கொற்கை தன் துறையை இழந்தது. அதன் வாணிகத்தை ஏற்ற காயலும் பிற்காலத்தில் அதே விதமாய்க் கரையை இழந்து ஒதுங்கியது. லயல் கற்பித்த பாடத்தை வெள்ளத்துக்கு வெள்ளம் விரல் கனத்தில் படியும் வண்டலைக்கொண்டு நம் நதியே எழுதியிருந்தது. வாசித்தவர் பிற்காலத்தில் பிஷப்பாக அபிஷேகம் பெற்ற ஒரு போதகர்.

அவருடைய மற்றொரு பெருஞ்செயலையும் இங்கே நினைக்க வேண்டும். தமிழும் தெலுங்கும் கன்னடமும் மலையாளமும், மலைவாசிகள் பேசும் துதமும் கோண்டும் ஒரே மூலத்தினின்று கிளைத்தவை என்று அவர் நிறுவிய ஒப்பிலக்கணம் 1856-இல் வெளிவந்தது. மூன்று ஆண்டுகள் கழித்து வந்த தம் நூலில் டார்வின், உயிர்களை வம்சாவளிப்படி வகுப்பது எத்தகையது என்பதை விளக்க, மொழிகளின் வம்சாவளியையே உதாரணமாகக் காட்டினார். மொழிகள் தனித்தனியே வானிலிருந்து இறங்கவில்லை, பிறந்து கிளைத்துத் திரிந்து சில மடிந்து வந்துள்ளன என்பதை ஒப்புக்கொண்ட கிறிஸ்தவன் எவனும் அதனால் தன் விசுவாசத்தை இழந்துவிடவில்லை.

இனி, தேரிக்கு வருவோம். திருச்செந்தூர், சாத்தான்குளம், சாயர்புரம் வட்டாரங்களைக் கண்டவர்கள் அந்தச் செம்மணல் மேடுகளை மறக்கமாட்டார்கள். சாயர்புரமோ மிஷன் வரலாற்றில் பெயர் பெற்ற கிறிஸ்தவ ஊர். பிற்காலத்தில் திருக்குறளையும் திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் தந்த போப்பையர் 1840-களில் அங்கே ஒரு கலாசாலையை நடத்தி, ஊழியர்களைப் பயிற்றுவித்தார். அவ்வூரைச் சூழ்ந்த தேரிமணலில்தான் ராபர்ட் புரூஸ் ஃபூட் ஆதிமனிதரின் நுண்கற்கருவிகளைச் சேகரித்தார். பல்லாவரத்தில் 1863-ஆம் ஆண்டு மே மாதம் 30-ஆம் தேதி இந்தியாவின் முதல் பழங்கற்கால ஆயுதத்தைக் கண்டெடுத்து, மதுரை, திருநெல்வேலி ஜில்லாக்களின் பூதத்துவத்தை 1883-இல் நூலாக வெளியிட்ட இந்த ஃபூட் யார் வீட்டு மருமகன்? ஆறுமுக நாவலரைத் துணைக்கொண்டு யாழ்ப்பாணத்தில் வேதாகமத்தை மொழிபெயர்த்த பீட்டர் பெர்சிவல் ஐயரின் மருமகன்! ஆதியாகமத்தைத் தமிழில் திருத்தியமைத்தவரும், ஆதிமனிதனின் கல்லாயுதத்தைத் தமிழ் மண்ணிலிருந்து எடுத்தவரும் ஒரே குடும்பத்தினர். வேதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் மூண்ட யுத்தம் என்று இந்த விருத்தாந்தத்தை எழுதப் புகுவோர் அந்தக் குடும்பத்தை எங்கே நிறுத்துவார்கள்?

தேரிக் கருவிகள் விரல்நகத்தளவே உள்ள சிறு பொருள்கள்: பிறைவடிவங்கள், அம்புமுனைகள், சுரண்டிகள், வெண்கற்படிகத்திலும் செர்ட்டு என்னும் கல்லிலும் செதுக்கியவை. நெடுங்காலம் மணலில் கிடந்ததால் அவற்றுட் பலவற்றில் தேரியின் செந்நிறம் ஊறியிருக்கிறது. 1945-இல் அய்யப்பன் சாயர்புரத்துக் கருவிகளைப் பற்றி எழுதினார். 1956-இல் சோய்னர், ஆல்ச்சின் என்னும் அறிஞர் இருவர் தேரி நிலைகளை ஆராய்ந்து, பழைய கடல்மட்டத்தோடு மணல்மேடுகளை ஒப்பிட்டு, அக்கருவிகளின் காலத்தைச் சுமார் கி.மு. 4000 என மதிப்பிட்டனர். அஷரின் கணக்குப்படி ஆதாம் ஏதேனில் கண்விழித்த காலத்தில், சாயர்புரத்துத் தேரியில் ஒரு வேடன் குந்தியிருந்து கல் செதுக்கிக்கொண்டிருந்தான்! அவனும் மனித வரலாற்றில் மிகப் பிற்பட்டவனே. ஃபூட் 1863-இலேயே கண்டறிந்த அத்திரம்பாக்கத்தின் கைக்கோடரிகள் சுமார் 15 லட்சம் ஆண்டுகள் பழமையானவை என்று 2011-இல் வெளியான ஆய்வு நிறுவியது. அவற்றைச் செய்தவர்கள் நம்மைப் போன்ற மனிதருமல்லர், நமக்கு முற்பட்ட வேறோர் இனத்தவர்.

இதைக் கேட்டு ஞாயிறு ஆராதனைக்குச் செல்லும் ஒருவர் கலங்குவாராயின், அவருக்கு நான் முதலில் சுட்டுவது டார்வினை அன்று. ஐந்தாம் நூற்றாண்டின் அகுஸ்தீன் முனிவரையே. சிருஷ்டியின் ஆறு நாட்களை நாம் அறிந்த நாட்களாகக் கொள்ளவேண்டியதில்லை என்றும், காலம் கனியும்போது வெளிப்படத்தக்க வித்துக்களைப்போல் பல பொருள்களைக் கடவுள் ஆதியிலேயே உலகில் அடக்கி வைத்தார் என்றும், வானத்தையும் பூமியையும் பற்றி அவிசுவாசிகளும் நன்கறிந்த உண்மைகளுக்கு மாறாகக் கிறிஸ்தவர்கள் வேதத்தின் பெயரால் பிதற்றுவது வேதத்துக்கே இழுக்கு என்றும் அவர் எழுதிவைத்தார். எபிரெயர் தம் பிதாக்களின் பெயர்களை எண்ணி வைத்தது கடவுள் தம்மைக் கைவிடவில்லை என்று நினைவுகூரவேயன்றிப் பூமியின் வயதைக் கணக்கிட அன்று என்பதே என் துணிபு. தமிழ்நாட்டிலும் இச்சிந்தனை ஊமையாய் இருக்கவில்லை: 1938-இல் தாம்பரத்தில் உலக மிஷனரி மகாநாடு கூடிய வேளையில், சென்னையைச் சேர்ந்த சிந்தனையாளர் குழுவொன்று வெளியிட்ட நூலில் நீதிபதி செஞ்சையா, இயேசுவைச் சிருஷ்டியின் நீண்ட வளர்ச்சியில் தோன்றிய புதிய மனிதராகக் கண்டார், அவருக்குப் பரிணாமம் விசுவாசத்தின் இடையூறாக அன்றி அதன் மொழியாகவே ஆயிற்று. கத்தோலிக்க சபையில் 1950-இல் பன்னிரண்டாம் பயஸ் பாப்பரசர், மனித உடலின் பரிணாமத்தை ஆராய்வதற்குத் தடையில்லை என்று எழுதினார். ஆன்மா நேரே கடவுளால் படைக்கப்படுவது என்பதை மட்டும் வற்புறுத்தினார்.

அந்த அனுமதி எத்தகைய கனியைத் தந்தது என்பதைக் காண, யேசு சபையினர் 1923-இல் தொடங்கிய பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரிக்குச் செல்ல வேண்டும். அச்சபையின் துறவியும் தாவரவியல் ஆசிரியருமான வி. எஸ். மாணிக்கம் அடிகளார், மேற்குத் தொடர்ச்சி மலைச் சரிவுகளில் அலைந்து பெரணிச் செடிகளைத் திரட்டி, இருதயராஜ் என்பாரோடு சேர்ந்து, அப்பெரணிகளின் குரோமோசோம்களை ஆராய்ந்த நூலை 1988-இலும், தென்னிந்திய மலைப் பெரணிகளை முழுமையாக விவரிக்கும் நூலை 1992-இலும் வெளியிட்டார். பெரணியின் இலையடியில் முதிராத ஸ்போர்ப் பைகளைப் பக்குவமாய் எடுத்து, சாயமூட்டி, கண்ணாடித் தகட்டில் நசுக்கி, நுண்ணோக்கியின் கீழ் குரோமோசோம்களை ஒவ்வொன்றாய் எண்ணுவது பொறுமையை மிகவும் சோதிக்கும் பணி. அவ்வாறு எண்ணும்போதுதான், ஒரு செடியில் உள்ள தொகுதியே மற்றொன்றில் இரட்டித்திருப்பது புலனாகும். இரு இனங்கள் கலந்து பிறந்த மலட்டுச் செடி, தொகுதி இரட்டித்ததும் வளம் பெற்று, பெற்றோர் இருவரினின்றும் பிரிந்த புது இனமாய் நிலைபெறுவதுண்டு. புதிய உயிரினம் தோன்றும் வழிகளுள் ஒன்றை இப்படித் தம் கண்ணால் எண்ணிக் கணித்தவர், பலிபீடத்தில் திருப்பலி நிறைவேற்றும் குருவும் ஆவார்.