யார்டு சுருங்கியது, மூட்டை மட்டும் மிச்சம்

வில்லியனூர் வழியே போகும் விழுப்புரம்–புதுச்சேரி ரயில் பாதை 1879இல் திறக்கப்பட்டது. பாகூருக்கு இன்றுவரை ரயில் இல்லை.

அன்றெல்லாம் பல ஊர்ச் சரக்கு வேகன்கள் கலந்துதான் வரும். சென்னைத் தண்டையார்பேட்டை போன்ற மார்ஷலிங் யார்டுகளில் அவற்றைப் பிரித்து, சேருமிடம் பார்த்துக் கோப்பார்கள். பாயிண்ட்ஸ்மேன், ஷண்டர், கேங்மேன் என ஏராளமான ஆட்கள் வேண்டும்.

ரயில்வேயில் நாம் எங்கே நின்றோம்? 1938 பிப்ரவரியில் மன்மாட்டில், தீண்டப்படாத ரயில்வே தொழிலாளர் மாநாட்டில் பாபாசாகேப் அதைச் சொன்னார். (பார்ப்பனியமும் முதலாளித்துவமும் நம் பகைவர்கள் என்றாரே, அதே உரை.) கேங்மேனாகச் சேர்ந்த நம்மவர் கடைசிவரை கேங்மேன்தான். போர்ட்டர் வேலைகூடக் கிடையாது. போர்ட்டர் என்றால் ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டு வேலையும் பார்க்க வேண்டும். நம்மை யார் வீட்டுக்குள் விடுவார்?

பிறகு இடஒதுக்கீட்டால் நிரந்தர வேலை, குவார்ட்டர்ஸ், பென்ஷன் எல்லாம் நம் வீடுகளுக்கும் வந்தன. 1980களில் ரயில்வே, முழு ரயிலையும் ஒரே ஊருக்கு அனுப்பும் முறைக்கு மாறியது. யார்டுகள் சுருங்கின. சரக்கு வேகமாகப் போகிறது, மறுக்கவில்லை. ஆனால் மூட்டை தூக்கும் வேலை ஒழியவில்லை. வியாபாரியும் காண்டிராக்டரும் கூட்டிவரும் கூலிகள் தூக்குகிறார்கள். அங்கே இடஒதுக்கீடும் இல்லை, பென்ஷனும் இல்லை.

ரயில்வே தேர்வுக்குப் படிக்கும் வில்லியனூர், பாகூர் தம்பி தங்கைகளே, காலியிடம் எத்தனை என்று பார்க்கும்போது, காண்டிராக்டுக்குப் போன வேலைகள் எத்தனை என்றும் ஆர்டிஐயில் கேளுங்கள்.