சென்னையும் அண்ணாமலையும்: இரு பல்கலைக்கழகங்களின் புகழும் கல்வி இயல்பும்

பல்கலைக்கழகம் ஒன்றன் புகழ் வேறு. அதன் கல்வி இயல்பு வேறு. புகழ் என்பது பிறர் அதனைப்பற்றிக் கொண்டிருக்கும் மதிப்பு. இயல்பு என்பது அஃது எவ்வாறு அமைந்தது, எவ்வாறு கற்பித்தது, எத்தகைய நூல்களை ஆக்கியது என்பவற்றால் அறியப்படுவது. இவ்வேறுபாட்டை உளங்கொண்டு, தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களுள் காலத்தால் முற்பட்டனவாகிய சென்னைப் பல்கலைக்கழகத்தையும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தையும் தமிழாராய்ச்சித் துறையளவில் ஒப்புநோக்குவதே இக்கட்டுரையின் கருத்தாகும். இவற்றுள் பின்னது தனியார் கொடையால் தோன்றி, 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி அரசின் முழு ஆட்சிக்குள் வந்தது என்பதனை முதற்கண் கூறிவிடுதல் நலம்.

தேர்வு நடத்திய பல்கலைக்கழகம்

சென்னைப் பல்கலைக்கழகம் 1857ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் சட்டத்தால் நிறுவப்பெற்றது. இலண்டன் பல்கலைக்கழகமே அதற்கு முன்மாதிரி. பாடத்திட்டம் வகுத்தல், தேர்வு நடத்துதல், பட்டம் வழங்குதல் ஆகியனவே தொடக்கத்தில் அதன் தொழில்கள். கற்பித்தலோ இணைப்புக் கல்லூரிகளின் கடமையாக இருந்தது.

இவ்வமைப்பின் இயல்பை அதன் முதற் பட்டதாரிகளின் வரலாறே நன்கு விளக்கும். முதற்கண் இளங்கலைப் பட்டம் பெற்ற இருவரும் யாழ்ப்பாணத்தார். அவருள் ஒருவராகிய சி. வை. தாமோதரம் பிள்ளை பயின்றது வட்டுக்கோட்டைக் குருமடத்தில். சென்னையில் அவர் எழுதியது தேர்வு. பின்னாளில் அவர் வீரசோழியம் (1881), கலித்தொகை (1887) முதலியவற்றைப் பதிப்பித்துத் தமிழுலகின் நன்றிக்கு உரியரானார். ஆயினும் அப்பணி பல்கலைக்கழகத்தின் ஏவலால் நிகழ்ந்ததன்று. அவர்தம் சொந்த முயற்சியால் நிகழ்ந்தது. உ. வே. சாமிநாதையர் கும்பகோணம் கல்லூரியிலும் சென்னை மாநிலக் கல்லூரியிலும் ஆசிரியராக விளங்கினார். அவ்விரு கல்லூரிகளும் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. ஆகவே, அப்பல்கலைக்கழகத்தின் தொடக்ககாலப் புகழிற் பெரும்பகுதி அதன் கல்லூரிகள் ஈட்டித் தந்த புகழே எனல் பொருந்தும்.

1904ஆம் ஆண்டின் இந்தியப் பல்கலைக்கழகச் சட்டம் கற்பித்தலுக்கும் ஆராய்ச்சிக்கும் வழி திறந்தது. 1923ஆம் ஆண்டின் சென்னைப் பல்கலைக்கழகச் சட்டம் அவ்வழியை அகலப்படுத்தியது. இம்மாற்றத்தின் தலைசிறந்த தமிழ்ப்பயன் தமிழ்ப் பேரகராதியாகும். 1913இல் தொடங்கிய அப்பணி, 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்தது. பின்னர் அநுபந்தத் தொகுதியும் சேர்ந்தது. 1926 முதல் பதிப்பாசிரியராக இருந்து அதனை நிறைவேற்றியவர் ச. வையாபுரிப் பிள்ளை. வழக்கறிஞராக இருந்த அவரை அகராதிப் பணிக்கு அழைத்துக்கொண்டமை, பட்டத்தையே அளவாகக் கொண்ட அமைப்பும் புலமையைத் தேடிக் கண்டுகொள்ள வல்லது என்பதற்குச் சான்று. அகராதி போன்ற பெரும்பணி ஓர் அறிஞரால் மட்டும் ஆவதன்று. அரசின் பொருளும் அலுவலகமும் நெடுங்காலப் பொறுமையும் அதற்கு வேண்டும். அவற்றைத் தாங்கும் வலிமை சென்னைக்கு இருந்தது.

உறைவிடப் பல்கலைக்கழகம்

அண்ணாமலையின் அமைப்பு முற்றிலும் வேறு. அண்ணாமலைச் செட்டியார் சிதம்பரத்தில் 1920இல் நிறுவிய மீனாட்சி கல்லூரியும், அதனையடுத்துத் தோன்றிய தமிழ்க் கல்லூரி முதலியனவும் ஒன்றாகி, 1929இல் பல்கலைக்கழகமாயின. ஆசிரியரும் மாணவரும் ஓரிடத்தே உறைந்து கற்கும் முறையே அதன் அடிப்படை. தொடக்கத்தில் இணைப்புக் கல்லூரிகள் அதற்கு இருக்கவில்லை.

அதன் தமிழ்த்துறை ஆசிரியர்களை நோக்குவோமாயின், அவர்கள் வந்த வழிகள் பலவாதலைக் காண்கிறோம். முதற் பேராசிரியராகிய விபுலாநந்த அடிகள் (1931-1933) அறிவியற் பட்டம் பெற்ற துறவி. அவரையடுத்து வந்த ச. சோமசுந்தர பாரதியார் (1933-1938) வழக்கறிஞர். பண்டிதமணி மு. கதிரேசச் செட்டியார் முறையான பள்ளிக்கல்வி மிகக் குறைவாகப் பெற்றவர். தி. வை. சதாசிவ பண்டாரத்தார் கும்பகோணத்துப் பாணாதுறை உயர்நிலைப் பள்ளியில் நெடுங்காலம் தமிழாசிரியராக இருந்தவர். பட்டம் வழங்கும் நிறுவனம் ஒன்று பட்டமில்லாப் புலவரையும் தன் இருக்கையில் அமர்த்தியது என்பது நினைக்கத்தக்கது. புலவர் மரபில் ஆசிரியனைத் தேர்ந்த முறை புதிய பல்கலைக்கழகத்தினுள்ளும் ஓரளவு தொடர்ந்தது என்று நாம் கருதுகிறோம்.

இசைக்கும் அங்கே இடமிருந்தது. 1941இல் அண்ணாமலை நகரிற் கூடிய தமிழிசை மாநாடும், விபுலாநந்தர் 1947இல் வெளியிட்ட யாழ்நூலும் அச்சூழலோடு தொடர்புடையன. இயலும் இசையும் ஒரே வளாகத்தில் வாழ்ந்தமை உறைவிட அமைப்பின் சிறப்புப் பயனாகும்.

சோழர் வரலாறு இரண்டு

இவ்விரு இயல்புகளும் ஒரே பொருளில் எவ்வாறு வெளிப்பட்டன என்பதற்குச் சோழர் வரலாறு தக்க எடுத்துக்காட்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1929 முதல் வரலாற்றுப் பேராசிரியராக இருந்த க. அ. நீலகண்ட சாத்திரியார் சோழர் வரலாற்றை ஆங்கிலத்தில் 1935, 1937ஆம் ஆண்டுகளில் இரு தொகுதிகளாக வெளியிட்டார். அண்ணாமலையில் இருந்த பண்டாரத்தார் பிற்காலச் சோழர் சரித்திரத்தைத் தமிழில் எழுதினார். அதன் முதற்பகுதி 1949இலும், இரண்டாம் பகுதி 1951இலும், மூன்றாம் பகுதி அவர் மறைந்த பின்னர் 1961இலும் வெளிவந்தன.

இருவர்க்கும் கல்வெட்டே முதற்சான்று. முன்னவர் உலக வரலாற்றாசிரியர்களை நோக்கி எழுதினார். பின்னவர் தமிழ் கற்றாரை நோக்கிக் கல்வெட்டையும் மெய்க்கீர்த்தியையும் இலக்கியத்தோடு இயைத்து எழுதினார். முன்னவர் நூல் உலகெங்கும் மேற்கோளாயிற்று. பின்னவர் நூலோ தமிழறிந்தார் வட்டத்துள்ளேயே பெரிதும் வழங்கிற்று. இவ்வேறுபாட்டை உழைப்பின் வேறுபாடாகக் கொள்ளுதல் பிழை. நூல் எழுதப்பட்ட மொழியே இங்குப் புகழின் எல்லையை வகுத்தது.

இயல்பு மாறியமை

நிறுவனங்களின் இயல்பு நிலையானதன்று. அண்ணாமலை 1979இல் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. ஈராண்டு கழித்துச் சென்னையும் தொடங்கியது. உறைவிடப் பல்கலைக்கழகம் தன் வளாகத்தைக் காணாத மாணவர்க்கும் பட்டம் வழங்கலாயிற்று. 2021ஆம் ஆண்டுச் சட்டமாற்றத்தால் விழுப்புரம், கடலூர்ப் பகுதிக் கல்லூரிகள் அதனோடு இணைக்கப்பெற்றன. மறுபுறம், மதுரைப் பல்கலைக்கழகம் (1966), பாரதியார், பாரதிதாசன் பல்கலைக்கழகங்கள் (1982) முதலியன தோன்றியமையால் சென்னையின் எல்லை சுருங்கியது. ஆராய்ச்சித் துறைகளோ பெருகின. தேர்வுக்கெனத் தோன்றியது ஆராய்ச்சியை நோக்கியும், உறைந்து கற்றற்கெனத் தோன்றியது தேர்வை நோக்கியும் நடந்தன. ஆயினும் மக்கள் வாய்ச்சொல்லில் இரண்டன் பெயரும் பழைய பொருளிலேயே வழங்குகின்றன. புகழ் இயல்பைப் பின்தொடர்வது மெல்லவே.

அறிஞர்வழியும் இயல்பு பரவும். அண்ணாமலையிற் பேராசிரியராக இருந்த தெ. பொ. மீனாட்சிசுந்தரனார் 1966இல் மதுரைப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரானார்; வ. சுப. மாணிக்கனாரும் பின்னர் அவ்விடத்தை அணிசெய்தார். ஆதலின் ஒரு நிறுவனத்தின் இயல்பு முழுவதும் அதன் மதிலுக்குள்ளேயே அடங்குவதில்லை.

முடிவுரை

இக்காலத்தே புகழுக்கும் எண் இடப்படுகின்றது. 2016 முதல் வெளிவரும் தேசிய நிறுவனத் தரவரிசை, பிறர் கொண்ட மதிப்பையே ஐந்து அளவைகளுள் ஒன்றாகக் கொள்கின்றது. 2024இல் மாநில அரசுப் பல்கலைக்கழகங்களுக்கெனத் தனிப்பட்டியலும் அதில் இடம்பெற்றது. ஆராய்ச்சியை அளக்க அது கொள்வன, உலகளாவிய தரவுத்தளங்களில் ஏறிய கட்டுரைகளும் அவற்றின் மேற்கோள்களும் ஆகும். இருபத்துமூன்று ஆண்டு உழைப்பில் நிறைந்த பேரகராதியும், ஆசிரியர் மறைந்த பின்னர் முடிவுற்ற சோழர் சரித்திரமும் இத்தகைய ஆண்டுக் கணக்கில் எங்ஙனம் அடங்கும்? அளவைகள் வேண்டா என்பது நம் கருத்தன்று. அவை காட்டுவது புகழின் ஒரு கூறே என்பதனை மறத்தலாகாது.

ஆராய்ச்சிக்கு இடம் தேடும் மாணவர் பெயரை நோக்குவதோடு அமையாது, அத்துறை இன்று எந்நூலை ஆக்குகின்றது, எச்சுவடியைக் காக்கின்றது, நெடும்பணியில் இறங்கிய ஆசிரியரை எத்தனை ஆண்டு பொறுத்துத் தாங்குகின்றது என்றும் வினவுதல் வேண்டும். இவற்றுக்கு விடை கூற வல்ல துறையே சிறந்தது. பட்டியலில் அதன் இடம் யாதாயினும் ஆகுக.