எல்லை தாண்டிய ஆணை

காரைக்குடிப் பக்கத்துக் கண்மாய் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். கலுங்குக் கற்களின் இடையே பலகை செருகி நீரைத் தேக்கியிருக்கின்றார்கள். மழையில் நீர் ஏறினால் ஒரு பலகையை எடுக்கலாம். மேலும் ஏறினால் மற்றொன்றை எடுக்கலாம். எல்லாப் பலகைகளையும் எடுத்தான பின்பும் வெள்ளம் வந்தால்? எடுப்பதற்கு ஒன்றுமில்லை, கரைக்குத்தான் ஆபத்து.

எந்தக் கட்டுப்பாட்டு அமைப்புக்கும் இப்படி ஓர் எல்லை உண்டு. நீராவி எஞ்சினின் வேகத்தைச் சீராக்கும் கருவியைப் பற்றி மாக்ஸ்வெல் 1868-இல் கணக்கிட்டபோது, சிறு அசைவுகளையே எடுத்துக்கொண்டார். விலகல் இரு மடங்கானால் திருத்தமும் இரு மடங்காகும் என்பது அங்கே பொருந்தும். பெரிய அசைவுகளுக்கு அது பொருந்தாது. நேர்விகிதத்துக்கு அடங்காத அமைப்புகளின் உறுதிநிலையை ஆராய 1892-இல் ருஷ்ய அறிஞர் லியாபுனோவ் வழி வகுத்தார். எவ்வளவு தூரம் தள்ளப்பட்டாலும் ஓர் அமைப்பு பழைய நிலைக்குத் திரும்பும் என்று வரையறுக்க, பொறியியலார் இன்றும் அவர் முறையை நாடுகின்றனர்.

இந்த எல்லைக்கு நம் நாடு கொடுத்த விலை பெரிது. 1993 செப்டம்பர் 20 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. ராக்கெட் முதன்முறையாகப் புறப்பட்டது. 44 மீட்டர் உயரம், நான்கு கட்டங்கள், உச்சியில் ஐ.ஆர்.எஸ். 1இ என்னும் துணைக்கோள். முதலிரு கட்டங்களும் நன்றாகவே எரிந்தன. இரண்டாம் கட்டம் கழன்ற தறுவாயில்தான் எதிர்பாராத உலுக்கல் ஏற்பட்டது. கழன்ற பகுதி மூன்றாம் கட்டத்தோடு உரசிற்று. ராக்கெட்டின் தலை மேலும் கீழுமாகச் சாய்வதைத் திருத்தவேண்டிய கணிப்பொறி, பெரியதோர் ஆணையைப் பிறப்பித்தது. அதற்கென வகுத்திருந்த உச்ச அளவை அந்த ஆணை தாண்டிவிட்டது. அங்கே நிரலில் ஒரு பிழை ஒளிந்திருந்தது! ராக்கெட் நிலைகுலைந்தது, துணைக்கோள் கடலில் வீழ்ந்தது.

இப்பிழையின் இயல்பைக் கவனியுங்கள். ஆணை எல்லைக்குள் இருக்கும்வரை அது தலைகாட்டாது. ராக்கெட் அமைதியாகப் பறந்திருந்தால், அது அடுத்தடுத்த ராக்கெட்டுகளிலும் உறங்கிக் கிடந்திருக்கும். இதைச் சிறு பிழை என்று சொல்வது எனக்கு உடன்பாடன்று. இரண்டு பலகைகளை எடுத்து எத்தனை முறை சோதித்தாலும், எல்லாப் பலகைகளையும் எடுக்கும் நாளில் கலுங்கு என்ன செய்யும் என்பது தெரியாதல்லவா? ஆகவே, ஒரு கட்டுப்பாட்டு அமைப்பைச் சோதிப்போர் வழக்கமான பாதையோடு நிற்பதில்லை. உலுக்கலை வேண்டுமென்றே பெரிதாக்கி, ஆணை உச்சத்தை முட்டும்போது என்ன நிகழ்கின்றது என்று தரையிலேயே பார்த்துவிடுகின்றனர்.

1994 அக்டோபர் 15 அன்று இரண்டாவது பி.எஸ்.எல்.வி. கிளம்பியது. 804 கிலோகிராம் எடையுள்ள ஐ.ஆர்.எஸ். பி2 துணைக்கோளை அது துருவப் பாதையில் சேர்த்தது.